மங்கல் இல்லாத படம்

ஜூலை 4, வியாழன்

காலையில் டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினேன். சரியாக ஊற்றுவதாகத்தான் நினைத்தேன். மேடையில் ஓடி, விளிம்பில் வழிந்து, கால்மேல் சொட்டிய பிறகுதான் தெரிந்தது. எனக்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் அமலி அக்கா துணி எடுத்துத் துடைத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் இழவு வீட்டுக் குரலில் பேசுகிறார்கள்.

ஒரு கண்ணால் பார்த்தால் தூரம் பிடிபடாது, போகப் போகப் பழகிவிடும் என்றார் டாக்டர். இடது கண் இருக்கிறது, பார்வைதான் இல்லை. "கண்ணைக் காப்பாத்திட்டோம்" என்று அவர் சொன்னபோது அக்கா சிலுவை போட்டு மாதாவுக்கு நன்றி சொன்னாள். எதைக் காப்பாற்றினார்கள்? போட்டோவில் இரண்டாகத் தெரியவா?

படிக்கக் கூடாதாம், எழுதக் கூடாதாம். அதனால்தான் இந்த டைரியை எடுத்தேன். எழுத்து கோட்டைவிட்டு இறங்குகிறது. இறங்கட்டும்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மா, "குக்கர் வெடிச்சிருச்சாம்மா?" என்று கேட்டாள். பெண்ணுக்குக் கண் போனால் குக்கர்தானா? வந்த கோபத்தில் எழுந்து உட்கார்ந்து அவளுக்கு முழுப் பாடமே நடத்தினேன். உலோகத்தை எல்லோரும் மூசை என்கிற பாத்திரத்தில் போட்டுத்தான் உருக்குவார்கள். ஆனால் சில உலோகங்கள் அந்தச் சூட்டில் மூசையையே கொஞ்சம் கரைத்துக் குடித்துவிடும். அழுக்கு சேர்ந்துவிடும். ஆறும்போதும் மூசையின் சுவரைத் தொடுகிற இடத்திலிருந்து உறையத் தொடங்கிவிடும். அந்த உலோகத்தின் உண்மையான குணம் தெரியவே தெரியாது. அதனால் நாங்கள் பாத்திரமே இல்லாமல் உருக்குகிறோம். செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி அதில் மின்சாரத்தை வெகுவேகமாக முன்னும் பின்னும் ஓடவிட்டால், நடுவில் வைத்த உருண்டை தானே எழும்பி அந்தரத்தில் நிற்கும். நின்றபடியே பழுத்து உருகும். நிலக்கடலை அளவுதான். சிர்கோனியக் கலவை. எதையும் தொடாததால், உறைய வேண்டிய சூட்டுக்கு முன்னூறு டிகிரி கீழே போனாலும் உறையாமல் திரவமாகவே நிற்கும். பிறகு திடீரென்று பளிச்சென்று ஒளிவிட்டு உறையும். ஆறு வருஷமாக அந்தப் பளிச்சைத்தான் நாங்கள் படம் பிடித்து அளந்துகொண்டிருக்கிறோம்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கேஸ் சிலிண்டர் இல்லையா?" என்றாள்.

வெடித்தது எப்படி என்பதையும் எழுதிவிடுகிறேன். செம்புக் குழாய் சூடேறாமல் இருக்க அதற்குள் தண்ணீர் ஓடும். அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய உலோகத்தின்மேல் விழுந்தது. சுற்றியிருந்த கண்ணாடிக் குழாய் சிதறியது. நான் கண் கூசாமல் இருக்கப் போடும் கறுப்புக் கண்ணாடிதான் போட்டிருந்தேன். மற்றது எனக்கு நினைவில்லை.


ஜூலை 6, சனி

தலையை நானே பின்னிக்கொண்டேன். வகிடு கோணல் என்று அக்கா சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள்.


ஜூலை 8, திங்கள்

பரிதி இன்றும் வந்தான். இளம்பரிதி என்று முழுப் பெயரைச் சொல்லி அவனை நான் கூப்பிட்டதே இல்லை. நானும் அவனும் ஒரே நாளில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். ஒரே ஆய்வகம், ஒரே கருவி, பேராசிரியர் வேதமூர்த்தியிடம் ஒரே மாதிரித் திட்டு. செம்புச் சுருளைச் சுற்றுவதில் அவனுக்கு நிகர் யாரும் இல்லை. அளவெடுப்பது நான், படம் எடுப்பது அவன்.

சேலையூரில் என் வீடு வரைக்கும் இரண்டு பஸ் மாறி இட்லியும் வடகறியும் வாங்கி வருகிறான். தானே தட்டில் வைக்கிறான், தானே கழுவி வைக்கிறான். சாப்பிடச் சொன்னால் பசியில்லை என்கிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை. மற்றவர்கள் வெறித்துப் பார்க்கிறார்கள், இவன் பார்ப்பதே இல்லை. இது எவ்வளவோ மேல்.

அவன் போனதும் அக்கா கேட்டாள்.

"ஏட்டி, அந்தப் பையன் எதுக்கு இப்டி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வாரான்?"

"வருத்தம்க்கா. அவனுக்கு அழத் தெரியாது."

"அழத் தெரியாதவன் தெனமும் வடகறி வாங்கிட்டு வருவானாட்டி? கல்யாணத்துக்குக் கேக்கப் போறானோ?"

ஒற்றைக் கண் பெண்ணுக்கு ஒருவன் வந்தால் போதும் என்று நினைப்பா என்று கத்தினேன். அவள் அப்படி நினைக்கவில்லை. எனக்கும் தெரியும். ஆனாலும் கத்தினேன்.


ஜூலை 11, வியாழன்

பேராசிரியர் போன் செய்தார். விசாரணைக் குழு போட்டிருக்கிறார்களாம்.

"பிரிஸ்கா, நீ முதல்ல உடம்பைப் பாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஷீல்டை எப்பக் கழட்டின?"

"ஷீல்டா? நான் கழட்டல சார்."

"ஸ்டாண்டுல இல்லையேம்மா. மேஜைமேல துணி சுத்தி வெச்சிருந்துது. அன்னிக்குக் காலைல லேப்ல நீ மட்டும்தான் இருந்திருக்க."

கருவிக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும், அதுதான் ஷீல்டு. கனமான பிளாஸ்டிக், கண்ணாடி மாதிரி. இரண்டு போல்ட்டில் நிற்கும். ஏதாவது வெடித்தால் அதில்தான் படவேண்டும். அது இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. படம் எடுக்கும் அறையில் விளக்கை வேறு குறைத்து வைத்திருப்போம். இருக்கிறது என்று நினைத்து அதன் பின்னால் நின்றேன். இல்லாத ஒன்றின் பின்னால் நின்றிருக்கிறேன்.

நான் கழட்டவில்லை. இதை ஒரு ஆளிடம் சொல்லி நிரூபிக்கவேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டார்கள். கண்ணையும் எடுத்துக்கொண்டு, பழியையும் கையில் கொடுக்கிறார்கள்.

யார் கழட்டியிருப்பார்கள்? கூட்ட வருபவர்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். வேதமூர்த்தியே கழட்டியிருப்பார். அதில் கீறல் விழுந்து படமெல்லாம் மங்கலாக வருகிறது என்று அவர்தான் மாதக்கணக்கில் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். புதிதாக வாங்கித் தரச் சொன்னால் மட்டும் காது கேட்காது. வெளிநாட்டு மாநாட்டுக்குப் படம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, வெடித்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் பரிதி எடுத்த படம் அருமையாக வந்திருந்தது. மங்கலே இல்லை. உருண்டையின் ஒரு ஓரத்தில் தொடங்கி அந்த ஒளி மறு ஓரம் போவது அப்படியே தெரிந்தது. எனக்கு போனில் அனுப்பினான். அவன் கைராசி.

வேதமூர்த்தி. வேறு யாராக இருக்க முடியும்?


ஜூலை 13, சனி

தெருமுனைக் கடைக்காரர் மீதிச் சில்லறையை என் வலது பக்கமாகச் சுற்றி வந்து கொடுத்தார். நல்ல மனிதர். அவரைக்கூட அறையத் தோன்றியது.


ஜூலை 17, புதன்

வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தேன். அக்கா கத்தியைப் பிடுங்கினாள். நான் திரும்பப் பிடுங்கினேன். கடைசியில் அவள் விரலில்தான் வெட்டு.

"ஊருக்கு வந்துருட்டி. படிச்சது போதும். தூத்துக்குடியில ஸ்கூலா இல்ல? டீச்சராப் போ. கண்ணக் குடுத்துப் படிக்க வேண்டிய படிப்பு என்ன படிப்பு?"

"கொடுக்கலக்கா. புடுங்கிட்டானுவ."

"யாரு?"

"வேதமூர்த்தி. அந்த நிறுவனம். தடுப்பு வாங்கித் தராதவன். ஓட்டைக் குழாய வித்தவன். எல்லாரும்தான்."

அக்கா விரலைத் தண்ணீரில் பிடித்தாள். பிறகு, "டாக்டரத் திட்டுத. ஆட்டோக்காரனத் திட்டுத. என்னயத் திட்டுத. எங்க வீட்டு அத்தான் போன்ல 'எப்படி இருக்க'ன்னு கேட்டதுக்கு அவரயும் திட்டுன. ஒரே ஒருத்தன மட்டும் திட்ட மாட்டேங்க" என்றாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெண்டைக்காயை அவளே நறுக்கி முடித்தாள்.


ஜூலை 20, சனி

வேதமூர்த்தி வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஆப்பிள். ஆஸ்பத்திரிக்கும் ஆப்பிளோடுதான் வந்தார். அக்கா காபி போட்டுக் கொடுத்தாள். போடாதே என்று ஜாடை காட்டினேன். அவள் என் இடது பக்கம் நின்றிருந்தாளா, நான் காட்டிய ஜாடை எந்தச் சுவருக்குப் போனதோ தெரியவில்லை.

"இது யார் தப்புங்கறதே இல்லம்மா. நல்ல படம் வரணும்னு ஆசைல நீயே கழட்டிட்டேன்னு சொல்லிடு. ஆர்வத்துல நடந்தது. ஸ்டூடன்ட்மேல யாரும் நடவடிக்கை எடுக்க மாட்டாங்க. உன் தீசிஸ் மூணே மாசத்துல வெளிய வந்துடும். அதுக்கு நான் பொறுப்பு."

"நான் கழட்டலேன்னு சொன்னா?"

"லேபைப் பூட்டிடுவாங்க. எல்லார் வேலையும் நின்னுடும். பரிதியைப் பத்தி யோசிச்சுப் பாரு. தங்கச்சிக்கு இப்பதான் வரன் அமைஞ்சிருக்கு. இந்த நேரத்துல அந்தப் பையன் வாழ்க்கையில..."

"பரிதிக்கும் இதுக்கும் என்ன சார்?"

காபியைக் கீழே வைத்தார். "பொதுவாச் சொன்னேன்" என்றார்.

எழுந்திருங்கள் என்றேன். ஆப்பிளையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவர் எடுக்கவில்லை. மாடியிலிருந்து அவர் கார் கிளம்பும்போது பையோடு வீசினேன். எல்லாம் சாக்கடையில் விழுந்தது. முன்பெல்லாம் குறி இவ்வளவு தவறியிருக்காது.

பரிதி பெயரை அவர் ஏன் எடுத்தார்? என்னைப் பயமுறுத்தத்தான். வேறென்ன.


ஜூலை 21, ஞாயிறு

பரிதி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு.


ஜூலை 23, செவ்வாய்

மதியம் வந்தான். அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். தூக்குச்சட்டியைத் திறந்து வடகறியைக் கிண்ணத்தில் ஊற்றினான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பரிதி, அந்த ஷீல்டோட போல்ட்டு ரெண்டும் எங்க?"

கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. வாயில் வந்துவிட்டது. அவன் கரண்டியைக் கீழே வைத்தான். வைத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என் சட்டைப் பைல இருந்துது" என்றான். "ஊர்ல போய்ச் சட்டையக் கழட்டும்போதுதான் பார்த்தேன்."

"எப்ப?"

"புதன்கெழம ராத்திரி. மறுநாள் காலைல நீ... அதுக்கு முந்தின நாள்."

தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அந்தப் புதன் சாயங்காலம் விழுப்புரம் போயிருந்தான். எனக்குத் தெரியும். முதலில் வாழ்த்துச் சொன்னவளே நான்தான்.

"சார்தான் சொன்னாரு. ஷீல்டக் கழட்டிட்டு ஒரே ஒரு ஷாட் எடுடா, மாநாட்டுக்கு அனுப்பணும்னாரு. எடுத்தேன். நல்லா வந்துது. பஸ்ஸுக்கு நேரமாய்டுச்சு. காலைல ஒம்போது மணிக்கெல்லாம் வந்து மாட்டிடலாம்னு போய்ட்டேன். பஸ்ஸு பெருங்களத்தூர்ல மாட்டிக்கிச்சு. நீ எப்பவும் பத்து மணிக்கு மேலதான வருவ, பிரிஸ்கா?"

"அன்னிக்கு எட்டு மணிக்கே வந்தேன். ஏன் தெரியுமா? நீ அனுப்புன படத்தப் பார்த்துட்டு வந்தேன். அதே மாதிரி இன்னொரு தடவை வருதான்னு பார்க்க, தூக்கம் வராம ஓடி வந்தேன்."

அவன் தரையைப் பார்த்தான்.

"போல்ட்டு பைல இருக்குன்னு ராத்திரியே தெரியும். ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? 'பிரிஸ்கா, ஷீல்டு இல்ல, தொடாத.' நாலு வார்த்தை."

"வீட்ல ஆளுங்க இருந்தாங்க. காலைல சொல்லிக்கலாம்னு..."

"துணியச் சுத்தி மேஜைமேல வெச்சது யாரு?"

தூக்குச்சட்டியை மூடினான். இன்னொரு முறை கேட்டேன்.

"நான்தான். உன்ன ஆம்புலன்ஸ்ல ஏத்துனப்புறம் சார் சொன்னாரு. நீயே கழட்டி வெச்ச மாதிரி இருக்கட்டும்னு. அப்ப எனக்கு மூளையே வேல செய்யல."

"அப்புறம் வேல செஞ்சுதா? இத்தன நாள் இட்லி வாங்கிட்டு வந்தியே, அப்ப செஞ்சுதா? நான் உக்காந்து யார் கழட்டுனா, யார் கழட்டுனான்னு உங்கிட்டயே கேட்டேனே. அப்ப?"

கிண்ணத்தை எடுத்து எறிந்தேன். அவன்மேல் படவில்லை, சுவரில் பட்டுச் சிதறியது. அவன் குனிந்து துடைக்கத் துணியைத் தேடினான். துடைக்காதே என்று கத்தினேன். இனிமேல் இந்த வீட்டில் ஒரு தட்டைக் கழுவினாய் என்றால் கையை உடைப்பேன் என்றேன். என்னென்னவோ சொன்னேன். கீழ்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். நிற்கட்டும்.

போகும்போது வாசலில் திரும்பி, "அப்படியே எழுதிக் குடுத்துடாத பிரிஸ்கா, தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்றான்.

அதுவரைக்கும் அவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு தெரிந்தது.


ஜூலை 24, புதன்

சுவரில் கறை போகவில்லை. அக்கா கேட்கவும் இல்லை. "ஊருக்கு எப்பக் கெளம்பணும்?" என்று நான் கேட்டதற்கு, "விசாரணைக்குப் போய்ட்டுப் போலாம்ட்டி" என்றாள்.


ஜூலை 29, திங்கள்

விசாரணை. குளிரூட்டிய அறை. மூன்று பேர். தலைமை டாக்டர் பத்மாசனி; ஓய்வு பெற்றவர், உலோகவியலில் பெரிய பெயர். ஓரத்தில் வேதமூர்த்தி. அவர் ஏன் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். துறைத்தலைவர் என்ற முறையில் என்றார்கள்.

நடந்ததைச் சொன்னேன். குரல் உயராமல் சொல்லவேண்டும் என்று பஸ்ஸிலேயே அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள். பாதி வரை காப்பாற்றினேன்.

வேதமூர்த்தி இரக்கமாகத் தலையை ஆட்டினார். "அந்தப் பொண்ணு எவ்வளவு பெரிய இழப்புல இருக்கான்னு நமக்குத் தெரியும். யாரையாவது குத்தம் சொல்லத் தோணும். இயற்கைதான்."

பரிதியைக் கூப்பிட்டார்கள். நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். ஷீல்டைக் கழட்டினீர்களா என்று பத்மாசனி கேட்டார்.

"இல்ல மேடம். நான் போகும்போது ஸ்டாண்டுலதான் இருந்துது."

என்னைப் பார்க்கவே இல்லை. இத்தனை நாளும் அவன் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதற்கு நான் கற்பித்துக்கொண்ட காரணங்களை நினைத்தால் எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

கத்தவில்லை. ஆச்சரியம்தான். "மேடம், ரெண்டு படம் போட்டுக் காட்டச் சொல்லுங்க" என்றேன். "ஜூன்ல எந்தத் தேதி வேணா எடுங்க. அப்புறம் இருபத்தாறாம் தேதி சாயங்காலம் எடுத்தது."

வேதமூர்த்தி, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையே" என்றார். பத்மாசனி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

முதல் படம் ஓடியது. அந்தரத்தில் உருண்டை. அதன் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு மங்கல் கோடு, பக்கத்தில் புகைபோல ஒரு திட்டு. "இது ஷீல்டுல விழுந்த கீறல். ஆறு மாசமா எங்க எல்லாப் படத்துலயும் இதே இடத்துல இருக்கும். வேற நாளையும் போட்டுப் பாருங்க" என்றேன். போட்டார்கள். இருந்தது. இன்னொன்று. அதிலும் இருந்தது.

பிறகு இருபத்தாறாம் தேதி. கோடும் இல்லை, திட்டும் இல்லை. உருண்டை மெல்ல நடுங்கிக்கொண்டு, சிவந்து, நிறம் மங்கி, இருட்டை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. இதோ உறைந்துவிடும் என்று நினைத்த இடத்தையெல்லாம் தாண்டிப் போனது. சட்டென்று ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது விரிந்து விரிந்து முழு உருண்டையையும் ஒளியாக்கியது.

பத்மாசனி தன்னை மறந்து, "அழகா இருக்கு" என்றார்.

அழகாகத்தான் இருந்தது. ஆறு வருஷத்தில் நாங்கள் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். அது அழகாக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஷீல்டு மாட்டியிருந்தா இந்தப் படம் வராது மேடம்" என்றேன். "அன்னிக்கு நாலு மணிக்கே நான் வீட்டுக்குப் போய்ட்டேன். கேட்ல கேளுங்க. இந்தப் படம் ஆறே காலுக்கு எடுத்தது."

வேதமூர்த்தி உடனே திரும்பினார். "வீடியோ எடுக்கறதெல்லாம் பசங்க வேலை. ஷீல்டைக் கழட்டி எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. இந்தப் படத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. பரிதி, நீயா இப்படிப் பண்ணின?"

பரிதி அவரைப் பார்த்தான். இரண்டு கைகளையும் முகத்தில் வைத்துக்கொண்டான்.

"நீங்கதான சார் சொன்னீங்க. நீங்கதான சொன்னீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அழ ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு அழத் தெரியாது என்று யார் சொன்னது?


ஆகஸ்ட் 9, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. வேதமூர்த்தி ஆய்வகப் பொறுப்பிலிருந்து நீக்கம், நீண்ட விடுப்பு. வேலை போகவில்லை, ஓய்வூதியமும் போகாது. பரிதியின் ஆராய்ச்சிப் பதிவு ஒரு வருஷம் நிறுத்தம். எனக்கு நிறுவனத்தின் ஆழ்ந்த அனுதாபம். அதைச் சொன்ன அதிகாரி எழுந்து நின்று சொன்னார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

ஆய்வகத்தைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். என் மாதிரிகள் எல்லாம் உள்ளே.

"எப்ப தொறப்பீங்க?"

"பாதுகாப்பு ஆய்வு முடியணும்மா. ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகலாம்."

"கழட்டறதுக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. மாட்டறதுக்கு ஒரு வருஷமா?"

"கொஞ்சம் பொறுமையா..."

தினமும் வந்து உங்கள் எதிரிலேயே உட்காருவேன் என்றேன். அப்போது அவர் சிரித்தார்.


ஆகஸ்ட் 20, செவ்வாய்

உட்கார்ந்தேன். டிபனும் எடுத்துப் போயிருந்தேன். அந்த அதிகாரி இப்போது சிரிப்பதில்லை.


ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்று டாக்டர் ஹமீதைக் கூட்டி வந்து அறிமுகம் செய்தார்கள். அவர்தான் ஆய்வகத்தின் புதுப் பொறுப்பாளர். இரட்டைத் தடுப்பு, அதைக் கழட்டினால் மின்சாரமே வராதபடி ஒரு பூட்டு; இரண்டும் வந்தால் திறந்துவிடலாம் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். நீ தினமும் வந்து கேட்டால் சீக்கிரம் என்றார். முதல்முறையாக ஒரு மனிதரோடு சண்டை போடாமல் அந்தக் கட்டிடத்தைவிட்டு வெளியே வந்தேன்.


ஆகஸ்ட் 27, செவ்வாய்

அக்கா ஊருக்குக் கிளம்பிவிட்டாள். எழும்பூரில் ரயிலேற்றிவிட்டு வந்தேன். மசாலாப் பொடி, கருவாடு, தைலம் எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு ஒரு கண் போனதும் எழுத்தே தெரியாமல் போய்விட்டதுபோல.

சேலையூர் நிறுத்தத்தில் பரிதி நின்றிருந்தான். இடது பக்கம் நின்றதால் அவன் பேசும்வரை நான் பார்க்கவில்லை.

"பிரிஸ்கா."

நடந்தேன். கூடவே வந்தான்.

"ஒரகடத்துல ஒரு கம்பெனில சேர்ந்துட்டேன். இனிமே ஆராய்ச்சிக்கு வரல. உங்கிட்ட சொல்லணும்னு..."

"சொல்லிட்டல்ல."

"தங்கச்சி வரன் போய்டுச்சு. அதுக்காக உம்மேல கோவம் இல்ல."

நின்றேன். "எம்மேல உனக்குக் கோவம் வேறயா?"

"இல்லன்னுதான சொல்றேன்."

"அந்த வார்த்தைய நீ சொல்லக் கூடாது பரிதி. இல்லைன்னுகூடச் சொல்லக் கூடாது. வெடிச்சது உன் தப்புன்னு நான் சொல்லவே இல்ல. மறந்துட்ட, பஸ் நின்னுபோச்சு, சரி. துணி சுத்துனியே. அந்த ரூம்ல உக்காந்து இல்லன்னு சொன்னியே. எங்கிட்டருந்து நாலு நாற்காலி தள்ளி."

"மன்னிச்சுடு."

"முடியாது."

"எப்பவாவது?"

"தெரியாது. அதக் கேக்கறதுக்காக வராத."

தலையை ஆட்டினான். எதிர்ப்பக்கம் போய் பஸ் ஏறினான். நான் நின்று பார்க்கவில்லை. பஸ் திரும்பும்வரைதான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன். இடது கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பார்வை போனாலும் அந்த வேலையை அது விடவில்லை. புழுதி. தாம்பரம் பக்கம் எங்கே பார்த்தாலும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.


செப்டம்பர் 16, திங்கள்

வேதமூர்த்தி போன் செய்தார். நான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை பற்றிக் கேள்விப்பட்டாராம். அந்த இருபத்தாறாம் தேதிப் படம் அதில் வருகிறது. வராமல் இருக்க முடியாது. முன்னூறு டிகிரி கீழே வரை போன அளவு அதில்தான் இருக்கிறது.

"மூத்த ஆசிரியர்னு கடைசில என் பேரைப் போட்டுடும்மா. அதுதான் மரபு. லேபை உருவாக்கினவன் நான்."

"அந்தப் படத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லன்னு விசாரணைல சொன்னீங்களே சார்."

"அது வேற சந்தர்ப்பம்."

"சம்பந்தம் இருக்குன்னா பத்மாசனி மேடத்துக்கு போன் பண்ணிச் சொல்லுங்க. சொன்னீங்கன்னா போடுறேன்."

வைத்துவிட்டார். நானும் போனை மேஜைமேல் வைத்தேன், கொஞ்சம் ஓங்கியே.

பெயர் வரிசையில் முதலில் நான். இரண்டாவது இளம்பரிதி. டாக்டர் ஹமீது அதைப் பார்த்துவிட்டு, "நிச்சயமா?" என்று கேட்டார். அந்தச் சுருளைச் சுற்றியது அவன். அந்தப் படத்தை எடுத்தது அவன். அவன்மேல் இருக்கிற கோபத்துக்காக அவன் செய்த வேலையைச் செய்யவில்லை என்று எழுதினால், நானும் துணி சுற்றுகிறேன் என்று அர்த்தம். இதையெல்லாம் ஹமீதிடம் சொல்லவில்லை. "ஆமா" என்று மட்டும் சொன்னேன். எரிச்சலாகத்தான் சொன்னேன்.


செப்டம்பர் 19, வியாழன்

ஆய்வகத்தைத் திறந்துவிட்டார்கள். இரட்டைத் தடுப்பு மாட்டியிருக்கிறது. முதலில் போய் அதைத் தொட்டுப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். இனிமேல் தட்டாமல் எதன் பின்னாலும் நிற்க மாட்டேன்.

காலை முழுவதும் உருண்டையைச் சுருளின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தவே முடியவில்லை. குச்சியின் நுனியில் வைத்து மேலே ஏற்றவேண்டும். முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தெரியவில்லை. இரண்டு முறை சுருளில் இடித்துக் கீழே விழுந்தது. யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். கூப்பிடவில்லை. மதியம் பக்கவாட்டில் இன்னொரு கேமராவை வைத்து, இரண்டு திரையையும் அருகருகே வைத்துக்கொண்டேன். ஒன்றில் இடம் வலம், மற்றதில் முன் பின்.

மின்சாரத்தைக் கொடுத்தேன். உருண்டை எழும்பியது. குச்சியை இறக்கினேன். நின்றது.

சிவந்து உருகத் தொடங்கியதும் என் கை நடுங்கியது. அணைத்துவிட்டு வெளியே போனேன். வாசலில் நின்று முழுப் பாட்டில் தண்ணீரையும் குடித்தேன். இவ்வளவு செய்தவர்கள் இந்த நடுக்கத்தையும் எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே உள்ளே போனேன். மறுபடி ஏற்றினேன். மறுபடி உருக்கினேன். இந்த முறை அணைக்கவில்லை. குளிர்விக்கும் ஹீலியம் வாயுவைத் திறந்துவிட்டு ஆறவிட்டேன். நூறு கீழே. இருநூறு. இருநூற்று அறுபதில் பளிச்சென்றது. முன்னூறு இல்லை. புதுச் சுருள், சரியாகச் சுற்றத் தெரியாத என் கை. நாளைக்குப் பார்க்கலாம்.

வெளியே வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. அக்கா போன் செய்தாள்.

"சாப்ட்டியாட்டி?"

"இல்லக்கா. கோவமா இருக்கேன்."

"யார் மேல?"

"எல்லார் மேலயும்தான்."

"அப்ப நல்லாத்தான் இருக்க" என்றாள். "போய்ச் சாப்புடு."